இறந்த தலைவனின் எண்

“செவ்வாய், பிற்பகல் 3.42. குழு 2217-ஐ நிறுத்தினேன். தலைவன் ஏற்கெனவே இல்லை.” என் குறிப்பேட்டில் என் கையெழுத்திலேயே இருக்கும் வரி இது. நாளும் நேரமும் சரி. அதை எழுதியபோது நான் நினைத்ததுதான் தவறு.

முந்தைய நாள் பக்கத்து வீட்டு அக்காவுடன், நாங்கள் இருவரும் பிறந்த ரப்பர் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மலேசியாவில், சுங்கை சிப்புட் ஊருக்கு அப்பால்; இப்போது ரப்பர் போய் முழுக்கச் செம்பனை எண்ணெய் மரங்கள். பழைய இடுகாட்டை வெள்ளிக்கிழமை இயந்திரம் விட்டுத் தள்ளப்போவதாகச் சொன்னார்கள். அக்காவின் அம்மா அங்கேதான் கிடக்கிறார். எந்தக் குழி என்று தெரியாது, கல் வைக்கவில்லை. அந்தக் குழியிலிருந்து பிடிமண் எடுத்து ஈப்போ வீட்டில் வைக்கவேண்டும், அக்கா கேட்டது அவ்வளவுதான்.

தோட்டத்துக் கோயில் அலமாரியில், யார் எந்த வரிசையில் எந்தக் குழி என்று எழுதிவைத்த இடுகாட்டுப் புத்தகம் இருந்தது. கறையான் அரித்த தாள்கள் புரட்டும்போதே உதிர்ந்தன. ஒரே ஒருமுறை, பக்கம் பக்கமாகப் படம் பிடித்தேன்; மறுபடி புரட்டத் தாள் மிஞ்சவில்லை.

படங்களைக் கணினிக்கு மாற்றித் தெளிவாக்க நானே ஒரு நிரல் எழுதி ஓட்டினேன். சேர்ந்து ஓடும் வேலைகளை, கணினியை உள்ளிருந்து நடத்தும் கெர்னல் ஒரு குழுவாகக் கட்டிவைக்கும். முதலாவது தலைவன், அதன் எண்ணே குழுவுக்கும் எண். தலைவன் செத்தாலும், குழுவில் ஒருவர் மிஞ்சியிருக்கும்வரை அந்த எண்ணை வேறு எதற்கும் கெர்னல் கொடுக்காது. செத்தவன் எண்ணைச் சொன்னால் உயிரோடிருப்பவர்கள் கேட்பார்கள்.

இது எனக்குப் புத்தகம் படித்துத் தெரியவேண்டிய விஷயமே இல்லை. எங்கள் தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும்போது, இறந்துபோன கங்காணியின் பெயரைச் சொல்லித்தான் அவர் ஆட்களைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டதும் ஆட்கள் வரிசையாக முன்னால் வருவார்கள். சின்ன வயதில் அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

அன்று, ஓடும் வேலைகளின் பட்டியலில் என் நிரலின் எண்ணான 2217 இல்லை. பாதியில் செத்துவிட்டது, மறுபடி தொடங்கலாம் என்று நினைத்தேன். மிச்சம் எதுவும் இருந்தால் துடைத்துவிட, எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டு, மறுக்கமுடியாத நிறுத்தக் கட்டளையை அனுப்பினேன். அந்தக் குறி போட்டால் கட்டளை குழு முழுமைக்கும் போகும். உள்ளே ஒன்று இன்னும் படங்களை மாற்றிக்கொண்டிருந்தது. கணினியில் சேமித்து முடிக்கும் முன்பே மூலப் படத்தை நினைவக அட்டையிலிருந்து அழிக்கும்படி அந்த நிரலை எழுதியிருந்தவன் நான். ஒரு பக்கம் போனது. எந்தப் பக்கம் என்று தேடினேன்: அக்காவின் அம்மா பெயர் இருந்த பக்கம். அழிந்ததை மீட்கும் நிரல் ஒன்றை ஓட்டினேன்.

மாலையில் அக்கா வந்தார்.

“என்னா தம்பி, கெடச்சிச்சா?”

“பாதிதான்க்கா மீண்டுச்சு. எந்த வரிசைன்னு இருக்கு. எத்தனாவது குழிங்கிறது போச்சு.”

“பாதின்னா எங்கம்மாவுக்குத் தலையா காலா?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “எத்தனாவது வரிசை, சொல்லுலா,” என்றார்.

“மூணு.”

வியாழக்கிழமை காலையில் மறுபடி போனோம். மூன்றாம் வரிசையில் பதினோரு மேடுகள் எண்ணினேன். அக்கா ஒவ்வொன்றிலும் ஒரு பிடி அள்ளி ஒரே பானையில் போட்டார்.

“யாரு யாரோ வருவாங்களேக்கா?”

“வரட்டும்லா. அம்மா இதுக்குள்ள இருந்தா போதும்.”

மறுநாள் தள்ளிவிட்டார்கள்.

பானை அக்காவின் சாமி அறையில் இருக்கிறது. முதலில் ஒரு டம்ளர் தண்ணீர்தான் வைத்தார். இப்போது பதினொன்று வைக்கிறார். “காலையில பாத்தா எல்லாத்துலயும் கொறஞ்சிருக்கு தம்பி,” என்று ஒருநாள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார். வெயில் காலம் என்றேன்.

மீண்ட பாதிப் படத்தைப் பெரிதாக்கிப் பலமுறை பார்த்துவிட்டேன். வரிசை எண்ணின் மேல் மை படர்ந்திருக்கிறது. அது 3 என்றுதான் அன்று படித்தேன். 8 ஆகவும் இருக்கலாம். இடுகாடு போனபின் எது என்று சரிபார்க்க வழியில்லை. இதை அக்காவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.