கேட்காமல் எடுத்த தொட்டில் படம்

இது நடந்தது. எனக்கு, என் வீட்டில், போன செப்டம்பர் மாதம். நம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கொன்றும் நஷ்டமில்லை. பேயைப் பார்த்தேன் என்று சொல்லிக் கூட்டம் சேர்க்கிற ஆள் நான் இல்லை. ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பூசைக்குப் போகிறவள். இருட்டுக்குப் பயந்தவளும் இல்லை. அதிலும் இது இருட்டில் நடக்கவில்லை. ஜன்னல் வழியாக வெளிச்சம் வந்துகொண்டிருக்கும்போதே, மாலை 7:10-க்கு நடந்தது.

என் பெயர் டோரதி. பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில், ஜெலுத்தோங் பக்கம், பதினான்காவது மாடியில் குடியிருக்கிறோம். கணவர் மார்க்குக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் பிறை ஊரில் தொழிற்சாலை வேலை. பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் வீடு வந்து சேர எட்டரை ஆகிவிடும். மகள் நவோமிக்கு அப்போது நான்கு மாதம். அவள் பிறந்ததும் என் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே ஸ்பிரிங் தொட்டில் விற்க ஆரம்பித்தேன். இரும்புச் சட்டம், மேலே ஒரு ஸ்பிரிங், அதில் ஒரு கைலியைக் கட்டித் தொங்கவிட்டால் பிள்ளை ஆடிக்கொண்டே தூங்கிவிடும். இந்த ஊரில் மலாய்க்காரர், தமிழர் என்று பாதிப் பேர் அதில் தூங்கி வளர்ந்தவர்கள்தான்.

விற்க வேண்டுமானால் படம் வேண்டும். படமெடுக்க ஒரு பெட்டியைப் பிரித்துச் சட்டத்தைப் பூட்டினால் அது அப்போதே பழசு. அதனால் என்னைப் போன்றவர்கள் செய்வதை நானும் செய்தேன். பினாங்குத் தாய்மார்கள் குழு ஒன்றில் ஒரு படம் கிடந்தது. ஜன்னலோரம் ஒரு தொட்டில், ஊதாப் பூப்போட்ட கைலி, நல்ல மாலை வெயில். படத்துக்குக் கீழே நீளமாக ஏதோ எழுதியிருந்தது. அதையெல்லாம் யார் உட்கார்ந்து படிப்பது? ஓரத்திலிருந்த பெயரை வெட்டிவிட்டு, செப்டம்பர் ஒன்பதாம் தேதி காலை 11:20-க்கு என் பக்கத்தில் ஏற்றினேன். இதைத் திருட்டு என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு ஒருநாள் வியாபாரம் பார்த்துவிட்டுப் பிறகு வந்து பேசட்டும்.

மதியம் ஒரு பெண் கேள்வி போட்டிருந்தாள். "அக்கா, உள்ள பிள்ளை இருக்கா? துணி இறங்கியிருக்கே."

பெரிதாக்கிப் பார்த்தேன். கைலியின் நடுப்பகுதி கொஞ்சம் கனமாகத் தொங்கியது. தலையணை என்று பதில் போட்டேன். மூன்று பேர் உடனே வாங்கினார்கள். படம் நல்ல படம்தான்.

அன்று மாலை 7:10. சமையலறையில் பால் புட்டி கழுவிக்கொண்டிருந்தேன்.

க்றீச்... க்றீச்...

கூடத்திலிருந்து வந்தது. ஸ்பிரிங் சத்தம். விற்கிறவளுக்குத் தெரியாதா? வெறும் ஸ்பிரிங் இப்படிச் சத்தம் போடாது. பாரம் தொங்க வேண்டும்.

போய்ப் பார்த்தேன். சுவரோரம் ஒன்பது பெட்டிகள், டேப் ஒட்டினது ஒட்டினபடி. பூட்டிய தொட்டில் என்று என் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. நவோமியைக்கூடத் தரையில் மெத்தை போட்டுத்தான் படுக்க வைப்பேன். மேல்வீட்டுச் சத்தமாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். 7:29-க்கு நின்றது.

மறுநாளும் 7:10-க்கு வந்து 7:29-க்கு நின்றது. காவலாளியிடம் கேட்டேன். மேல்வீடு பூட்டி இரண்டு மாதமாகிறதாம்.

மூன்றாம் நாள் நவோமியைக் கவனித்தேன். மல்லாந்து படுத்து ஜன்னல் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்றுமில்லை. ஆனால் அவள் கண்கள் இடதுபக்கம் போயின. வலதுபக்கம் வந்தன. இடது... வலது... ஸ்பிரிங் சத்தத்தோடு சேர்ந்து.

பிறகு சிரித்தாள்.

படம் ஏற்றிய அன்றிலிருந்துதான் சத்தம் என்று மார்க்கிடம் சொன்னேன். அவர் நவோமியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "படத்தை எடுத்துடு டோரதி. பிள்ளை இருக்கிற வீடு லா," என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு போட்டோவுக்குப் பயந்து பிழைப்பை விடுவதா? என் பிள்ளையை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எனக்குத் தெரியும் என்று சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்று முழுக்கக் கை அவள் மேலேயே இருந்தது.

நான்காம் நாள், காலை 10:05. குமுதா என்ற பெயரில் ஒரு செய்தி. பாகான் டாலாம் என்ற ஊரில் இருக்கிறாளாம். அந்தப் படம் தன்னுடையது, எடுத்துவிடுங்கள் என்று கேட்டிருந்தாள். நெட்டில் போட்டால் நாலு பேர் எடுக்கத்தான் செய்வார்கள், பூட்டி வைத்திருக்க வேண்டியதுதானே என்று பதில் அனுப்பினேன். கொஞ்சம் திமிராகத்தான் அனுப்பினேன். சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால் ஒரே ஒரு வரி வந்தது.

"அக்கா, உங்க வீட்டுல சத்தம் கேக்குதா?"

உடனே அவளை பிளாக் செய்தேன். யாரிடமோ விசாரித்துக்கொண்டு என்னைப் பயமுறுத்தப் பார்க்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் சத்தத்தைப் பற்றி மார்க்கையும் காவலாளியையும் தவிர யாரிடமும் நான் மூச்சு விட்டதில்லை.

ஐந்தாம் நாள். மாலை 7:05-க்கே நவோமியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். வரட்டும், பார்க்கலாம் என்றுதான். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

7:10.

க்றீச்... க்றீச்...

ஜன்னல் மூலையில் இல்லை இப்போது. பக்கத்தில்.

மிகப் பக்கத்தில்.

நவோமியைப் பார்த்தேன். அவள் உடம்பு ஆடிக்கொண்டிருந்தது. இடது... வலது... மெத்தை அசையவில்லை. விரிப்பில் ஒரு சுருக்கமில்லை. பிள்ளை மட்டும் ஆடினாள்.

தூக்கத்தில்.

யாரோ ஆட்டுவதுபோல்.

வாரி எடுத்தேன். நெஞ்சோடு இறுக்கிக்கொண்டேன். குரல் நடுங்கவில்லை.

"இது என் பிள்ளை. நீ யாரா இருந்தாலும் சரி, போ."

சத்தம் நின்றது.

7:14.

ஒரு நிமிடம் ஒன்றுமில்லை...

பிறகு ஒரு பிள்ளை அழுதது.

நவோமி இல்லை. அவள் என் தோளில் தூங்குகிறாள்.

ஜன்னல் மூலையில். என் இடுப்பு உயரத்தில். பசித்த பிள்ளையின் அழுகை.

என் மார்பில் பால் சுரந்து சட்டை நனைந்தது.

பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும். அழுகை கேட்டால் உடம்பு கேள்வி கேட்காது. அந்தப் பக்கம் யார் என்று தெரியாமலே என் உடம்பு பதில் சொல்லிவிட்டது. பயந்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நிமிடத்தில் பயத்தைவிடப் பாவம் என்ற எண்ணம்தான் பெரிதாக இருந்தது. அதற்காக யாரிடமும் வெட்கப்படப் போவதில்லை.

7:17-க்குப் படத்தை அழித்தேன். அழுகை அறுந்ததுபோல் நின்றது. குமுதாவின் பிளாக்கை எடுத்துவிட்டு அவளை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

அந்தப் படத்தில் தொட்டிலுக்குள் இருந்தது அவள் மகன். மூன்று மாதப் பிள்ளை. ஒருநாள் மாலை அவன் தூங்கும்போது வெயில் அழகாக விழுகிறதே என்று படமெடுத்தாள். எடுத்துவிட்டு, அவனைத் தூக்கப் போனாள். தூக்கியபோது அவனுக்கு மூச்சு இல்லை. டாக்டர்களுக்கும் காரணம் தெரியவில்லை. நான் படிக்காமல் விட்ட அந்த நீளமான எழுத்து, அவனைப் பற்றி அவள் எழுதியிருந்தது.

தொட்டிலைக் கணவர் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டாராம். ஆனால் அது இருந்த இடத்தில் தினமும் மாலை 7:10-க்குச் சத்தம் வருமாம். குமுதா அதன் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவாளாம். இரண்டு வருடமாக. கணவருக்குக்கூடத் தெரியாமல்.

"நீங்க படத்தை எடுத்த அன்னிக்கிலேருந்து என் வீட்டுல சத்தமே இல்லக்கா. அவன திருப்பிக் குடுத்துடுங்க."

படத்தை அழித்துவிட்டேன், இனி அங்கே வருவான் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் 7:10. என் வீடு அமைதியாக இருந்தது. நவோமி கால் விரலைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். 7:30-க்குக் குமுதாவுக்குச் செய்தி அனுப்பினேன். பதில் ஒரே சொல்.

"வரல."

அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாளும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எடுத்த மாதிரியே என்னிடமிருந்தும் எடுத்திருப்பார்களே. தேடினேன். பதினான்கு பக்கங்களில் அந்தப் படம் இருந்தது. பெயர் வெட்டிய அதே ஓரத்தோடு, தொட்டில் விற்பனைக்கு.

பதினான்கு பேருக்கும் எழுதினேன். கெஞ்சவில்லை, சண்டைதான் போட்டேன். எட்டுப் பேர் படத்தை அழித்தார்கள். நான்கு பேர் நான் குமுதாவுக்கு எழுதிய பதிலையே எனக்குத் திருப்பி அனுப்பினார்கள், நெட்டில் போட்டால் எடுக்கத்தான் செய்வார்கள் என்று. ஒரு ஆள் என்னை பிளாக் செய்தான்.

பதினான்காவது ஆள் ஃபிக்ரி. சிம்பாங் அம்பாட் என்ற ஊரில் குழந்தைச் சாமான் விற்கிறவன். படத்தை உடனே எடுத்துவிட்டான். மன்னிப்பும் கேட்டான். பிறகு, உங்களுக்குத் தமிழ் தெரியுமா என்று மலாயில் கேட்டு, ஓர் ஒலிப்பதிவு அனுப்பினான். சில நாட்களாக மாலை 7:10 ஆனால் அவன் வீட்டில் இப்படிக் கேட்கிறதாம். அவனுக்கு அர்த்தம் புரியவில்லையாம்.

ஒரு வயதான பெண்ணின் குரல். தாலாட்டு. நல்ல தமிழ். நடுவில் திரும்பத் திரும்ப ஒரு பெயர் வந்தது.

அதைக் குமுதாவுக்கு அனுப்பினேன். இரண்டு நிமிடம் கழித்து அழைத்தாள். அந்தப் பாட்டு அவளே கட்டிய பாட்டு. அந்தப் பெயர் பிறப்புப் பத்திரத்தில் இல்லாதது. யாரும் இல்லாதபோது மகனின் காதில் மட்டும் சொல்லிக் கூப்பிட்டது. பாடுவது யார் என்று கேட்டாள்.

எனக்கும் தெரியவில்லை. ஃபிக்ரியிடம் கேட்டேன்.

அது அவன் அம்மாவாம். தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரியாதவர். பக்கவாதம் வந்து நான்கு வருடமாகிறது. அன்றிலிருந்து பேச்சே இல்லையாம்.