சாட்டிக் காணியும் லண்டன் காரும்

கார் கப்பலில் ஏறிவிட்டது என்று தம்பி ஆரூரன் லண்டனிலிருந்து சொன்னபோது, பரிமளம் சாட்டிக் காணியில் வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தாள். கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, "ஆற்ற கார்?" என்று கேட்டாள்.

"உங்கட கார்தான் அக்கா. உங்கட பேருக்குத்தான் அனுப்பியிருக்கிறன். அத்தானை இனிமேல் பஸ்ஸில தூக்கி ஏத்தத் தேவையில்லை."

தண்ணீர் அடுத்த பாத்திக்குத் திரும்பாமல் ஒரே பாத்தியில் நிறைந்து வழிந்தது.

அம்மா செத்தபோது ஆரூரனுக்கு எட்டு வயது. அப்போது பரிமளத்துக்குக் கலியாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை. அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. தம்பியே பிள்ளையாக வளர்ந்தான். சீதனமாக வந்தது சாட்டியில் நாலு பரப்புக் காணியும் அதில் ஒரு கிணறும். அவர்கள் வீடு இருந்த சுருவிலில் கிணற்றுத் தண்ணீர் உவர், வாயில் வைக்க ஏலாது. சாட்டிக் கிணறு கோடையிலும் தித்திக்கும். யுத்தத்தில் இடம்பெயர்ந்து போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு திரும்பி வந்தபோது, கூரையில்லாத வீட்டைப் பார்க்க முதல் அவள் போய்ப் பார்த்தது அந்தக் கிணற்றைத்தான். ஆளை வைத்து இறைத்து, சேறு வாரி, மூன்றாம் நாள் ஊறிய தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துவிட்டுத்தான் அழுதாள். தம்பியை வெளிநாட்டுக்கு அனுப்பியது அந்தத் தோட்டத்து வெங்காயமும் புகையிலையும்தான். இன்றைக்கும் வீட்டில் அடுப்பு எரிவது அதனால்தான்.

புருசன் அம்பலவாணர் பஸ் கொண்டக்டராக இருந்து இளைப்பாறியவர். பாரிசவாதம் வந்து வலது கால் மடங்காமல் போனது. மாதாமாதம் யாழ்ப்பாணத்தில் கிளினிக். "முப்பது வருஷம் சனத்தை ஏத்தி இறக்கினனான். இப்ப என்னை ஏத்த நாலு பேர் வேணும்" என்று பஸ்ஸுக்குள் சிரிப்பார். போன வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருந்த ஆரூரன் அந்தக் காட்சியைக் கண்டான். வெளிநாட்டு வாகனம் இறக்கத் தடை நீங்கிவிட்டது என்று கேள்விப்பட்டதும், ஒருவரையும் கேட்காமல் காரை வாங்கிவிட்டான்.

செய்தி சுருவில் முழுக்கப் பரவ ஒரு பகல் போதுமாயிருந்தது. சாட்டிக் கிணற்றில் நாளும் குடிதண்ணீர் அள்ள வருகிற மீன்காரி மேரிசுகந்தி, பிளாஸ்டிக் கானை நிரப்பிக்கொண்டே கேட்டாள்:

"அக்கா, இனி எங்களை அள்ள விடுவியளோ? இல்லாட்டி எல்லாத் தண்ணியும் கார் கழுவத்தானோ?"

"கார் வரட்டுமன். உன்னைத்தான் முதல்ல ஏத்துவன்."

"என்னை ஏத்தினால் கார் மீன் மணக்கும். பேந்து அத்தான் ஏறமாட்டார்."

பரிமளம் சிரித்தாள். அந்த மாதத்தில் அவள் சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதான்.

துறைமுகத்திலிருந்து சாமான் எடுத்துக் கொடுக்கிற பரராசசிங்கத்தின் கந்தோர் யாழ்ப்பாணத்தில் ஒரு மாடிக்கட்டடத்தில் இருந்தது. அம்பலவாணருக்குப் படி ஏற முடியாது. கீழே கடையில் ஒரு கதிரை கேட்டு அவரை இருத்திவிட்டு அவள் தனியாகப் போனாள். பரராசசிங்கம் ஆரூரன் அனுப்பிய பத்திரங்களைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"தங்கச்சி, கார் விலை ஒரு பவுண்ஸ் எண்டு கிடக்கு. இது ஆற்ற யோசனை?"

"தம்பியின்ர. அக்காவுக்கு விக்கிறதெண்டு எழுதினால் வியாபாரம் மாதிரிக் கிடக்காம். சும்மா எண்டு எழுதினால் வெறுங்கை மாதிரியாம். அதுதான் மங்களமா ஒண்டு போட்டவனாம்."

கலியாண வீட்டில் நூறு வைக்கிறவனும் நூற்றொன்றாக வைக்கிற ஊர். அவளுக்கு அதில் பிழை தெரியவில்லை. பரராசசிங்கம் சிரிக்கவில்லை.

"கலியாண வீட்டுக்குச் சரி. சுங்கத்துக்கு உது சரிவராது. அந்தக் கார் அங்க என்ன விலை போகுதெண்டு அவையள் தாங்களாப் பாத்து, அதுக்குத்தான் வரி போடுவினம். இப்பிடி ஒண்டு எண்டு கண்டால், விலையை ஒளிக்கினம் எண்டு நினைப்பினம். விசாரிச்சு முடியுமட்டும் கார் துறைமுகத்திலதான் நிக்கும். நிக்கிறதுக்கும் வாடகை."

"அவன் ஒளிக்கேல்லை அண்ணை. அன்பளிப்புத்தானே?"

"அன்பளிப்புக்கும் வரிதான், தங்கச்சி." அவர் வேறொரு தாளைப் புரட்டினார். "எஞ்சின் ஏன் இவ்வளவு பெரிசு? எஞ்சின் பெருக்கப் பெருக்க வரியும் ஏறுமெல்லோ."

"இவருக்குக் கால் மடங்காது. நீட்டி இருக்கிறதுக்கு இடம் காணவேணும், இருக்கை உயரமா இருக்கவேணும் எண்டு பெரிய காராத் தேடினவன்."

பரராசசிங்கம் மெதுவாக ஒரு பக்கம் முழுக்கக் கணக்குப் போட்டார். முதலில் ஒரு வரி. அதைக் காரின் விலையோடு கூட்டி, கூட்டின தொகைக்கு மேல் இன்னொரு வரி. பரிமளம் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா நின்றதும், காரின் விலையைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வரும் என்றார். பெரிய இடம், உயர்ந்த இருக்கை, பழசாக இருக்கக்கூடாதென்று எடுத்த புது வண்டி. தம்பி பார்த்துப் பார்த்துச் செய்ததெல்லாம் அந்தத் தாளில் வரியாக ஏறியிருந்தது.

"கட்டாட்டி?"

"கார் வேண்டாம், விட்டிட்டன் எண்டு எழுதிக் குடுக்கலாம். கொஞ்சநாளில ஏலத்தில போடுவினம். கார் போனது போனதுதான்."

வீட்டுக்கு வந்ததும் அம்பலவாணர் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார்.

"பரிமளம், சாட்டிக் காணியை அந்தக் கொழும்பு ஆள் ஹோட்டல் கட்டக் கேட்டவர்தானே. குடுப்பம். நீர் இன்னும் எத்தனை காலத்துக்கு மண்வெட்டி பிடிக்கப்போறீர்?"

"கார் சோறு போடுமோ?"

"வாடகைக்கு விடலாம். குறிகட்டுவான் துறைக்குத் தீவுக் கோயில் சனம் போறதுதானே."

"ஆர் ஓடுறது? நீங்களோ, நானோ?"

அவர் மடங்காத காலைக் கையால் தூக்கிக் கட்டிலில் வைப்பதை அவள் பார்த்தாள். கார் வேண்டாமென்பது தனக்கு மட்டுமான பேச்சில்லை என்று தெரிந்தது. அன்றிரவு சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆரூரன் லண்டனிலிருந்து கைபேசியில் எடுத்தான். அவன் கேட்டு அவள் இல்லையென்றது கிடையாது. அவள் சொல்லி அவன் மறுத்ததும் கிடையாது.

"அக்கா, கடன் எடுத்துத்தான் கார் வாங்கினனான். இன்னொரு கடன் தரமாட்டாங்கள். அத்தான் சொன்ன மாதிரிக் காணியைக் குடுங்கோ. ரெண்டு வருஷத்தில நான் வேற காணி வாங்கித் தாறன்."

"காணி வாங்கித் தருவாய். தண்ணியை எங்க வாங்குவாய், ஆரூ?"

"தண்ணி இப்ப போத்திலில விக்குது."

"வெங்காயத்துக்குப் போத்தில் தண்ணி ஊத்துறதோ? அங்க அள்ளுற சனம் எங்க போறது?"

"அப்ப என்ன, வேண்டாமோ?"

அந்தச் சொல்லை அவன் தன் வாயால் சொல்லட்டும் என்றுதான் அவள் இவ்வளவு நேரமும் சுற்றிச் சுற்றிக் கதைத்தாள். சொன்ன பிறகு அதைக் கேட்டுத் தாங்க முடியவில்லை.

"வேண்டாமடா தம்பி."

"நான் என்ர பிள்ளையளுக்குக்கூட இப்பிடி ஒண்டு வாங்கினதில்லை" என்றான். பிறகு தொடர்பு அறுந்தது.

அடுத்த கிளினிக் நாளில் அம்பலவாணரை ஆஸ்பத்திரி வாங்கில் இருத்திவிட்டு, பரராசசிங்கத்தின் கந்தோருக்குப் போனாள். காரை விட்டுவிடுகிற பத்திரத்தில், அவர் விரலால் காட்டிய இடத்தில் மெல்ல எழுத்துக்கூட்டிக் கையெழுத்து வைத்தாள்.

"இதால தம்பிக்கு அங்க ஒரு கரைச்சலும் வராதோ?"

"வராது. கடனை மட்டும் கட்டவேணும்."

அந்த 'மட்டும்' வழியெல்லாம் அவளோடு வந்தது. பஸ் பண்ணைப் பாலத்தைத் தாண்டியது. அம்பலவாணர் வெளியே பார்த்தபடி, "வைச்சிட்டீரோ?" என்றார்.

"ஓம்."

"அவனுக்குச் சொல்லும். மற்ற ஆக்கள் சொல்லிக் கேட்டானெண்டால் இன்னும் நோவான்."

வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, ஆரூரனுக்கு எடுத்தாள். மணி நீளமாக அடித்தது. எடுத்தது அவன் மனைவி நிலாந்தினி.

"மச்சாள், இவர் வேலையில நிக்கிறார்."

அவள் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் பிள்ளையொன்று கத்தியது. "சத்தம் போடாதை" என்று ஒரு ஆண்குரல் அதட்டியது. எட்டு வயதிலிருந்து பரிமளம் கேட்டு வளர்த்த குரல்.

"சரி பிள்ளை" என்றாள் பரிமளம். "வேலையால வந்தோடனை சொல்லும், அக்கா எடுத்தவ எண்டு."

"ஓம் மச்சாள்."

கட்டிலில் இருந்தபடி அம்பலவாணர், "என்னவாம்?" என்று கேட்டார்.

"வேலையாம்" என்றாள்.