கட்டியதும் கொட்டியதும்

வீடு கட்டி நொந்தவர்களே, உங்களுக்குத் தெரியாததா? கட்டட வேலை என்பது பாதியைக் கட்டுவதும் பாதியைக் கொட்டுவதும்.

சண்டை முடிந்து மன்னார்த் தீவுக்குத் திரும்பியவர்களின் வீட்டுத்திட்டத்தில் நான் மேற்பார்வையாளர். கடற்கரையோரம் மீன்பிடிக்கிற மரியானுக்கும் அவர் மனைவி திரேசம்மாவுக்கும் ஒரு வீடு. கட்டடச் சாமான் அளவாகத்தான் வரும், சமைக்கிற குசினி கடைசியில். சாமான் வீணானால் குசினி இல்லை. அதுவரை திரேசம்மா தரப்பாளுக்குக் கீழே, புகையிலும் மணல் காற்றிலும் சமைத்தார்.

மடுத் திருநாள்

மடு மாதா கோயில் திருநாளுக்கு முதல்நாள் சீமெந்து வந்தது. மூட்டைகளுக்குக் கீழே பலகை அடுக்கப் பொறுமையில்லை. மூட்டைகளை வெறும் மணலில் இறக்கி, தரப்பாளால் மூடிவிட்டு, வந்த லொறியிலேயே எல்லோரும் மடுவுக்கு ஏறிவிட்டோம். திரும்பி வந்தால் அடிவரிசை மூட்டையெல்லாம் கல். மேசன் பாவிலு ஒரு மூட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"மழை பெய்யக்கூடாதெண்டு மாதாவிட்ட நேத்தி வைச்சனான் சேர். கீழால வாற ஈரத்தைச் சொல்ல மறந்துபோனன்."

யன்னல்

கந்தோர் மேசையில் கீறிய வீட்டுப் படத்தின்படி சுவர் எழும்பியது. மரியான் உள்ளே கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தார். யன்னலால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரிந்தது, கரையில் நிற்கிற அவருடைய மீன்பிடி வள்ளம் தெரியவில்லை. வள்ளம் தெரியாத வீட்டில் நித்திரை வராது என்றார். கடல் பக்கச் சுவரை உடைத்தோம், பழைய யன்னலை அடைத்தோம். அத்திவாரம் போடும்போதே சொல்லியிருக்கக் கூடாதா என்று கத்தினேன்.

"அப்ப சுவர் இல்லையே தம்பி. எல்லாப் பக்கத்தாலயும் வள்ளம் தெரிஞ்சது."

கரைவலை

ஒருநாள் காலை முழுச் சீமெந்துக் கலவையையும் குழைத்து முடித்த நேரம், கரையில் வலை இழுக்கக் கூப்பிட்டார்கள். வேலையாட்கள் ஓடிவிட்டார்கள். வர மத்தியானமாகிவிட்டது, கலவை இறுகிவிட்டது. நான் வாயைத் திறக்கமுன் பாவிலு என் கையில் ஒரு கோர்வை மீனைத் தந்தார். வாங்கிக்கொண்டேன், அதனால் கலவை வீணானதை அறிக்கையில் எழுதவில்லை.

"கலவை நாளைக்கும் குழைக்கலாம் சேர். மீன் நாளைக்கும் நிக்குமோ?"

குசினி

சாமான் முடிந்தது. குசினி படத்தில் மட்டும் இருந்தது. திரேசம்மாவிடம் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் ஏசவில்லை. அடுத்த நாளே, மரியானோடு சேர்ந்து நாங்கள் எறிந்ததைப் பொறுக்கத் தொடங்கினார். கல்லாய்ப்போன மூட்டைகள் அத்திவாரமாயின, உடைத்த கற்கள் சுவராயின, கம்பித் துண்டுகள் யன்னலாயின. சாந்துக்குப் பதில் களிமண்.

சில வாரங்களில் கொழும்பிலிருந்து எஞ்சினியர் வந்தார், வீணாவதைக் குறைப்பது பற்றிப் பேச. குசினியைக் கண்டு, இதற்குச் சாமான் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். திரேசம்மா அந்தக் குசினியில் போட்ட தேத்தண்ணியை நீட்டினார்.

"எல்லாம் இந்தத் தம்பி நிண்டு பாத்து எறிஞ்சதுதான் சேர். இன்னும் ரெண்டு பிழை விட்டிருந்தா கோழிக்கூடும் கட்டியிருப்பன்."

அந்த வளவில் ஒரு கல்லும் வீணாகாமல் எழும்பியது அந்தக் குசினி மட்டும்தான். அதற்கு மட்டும்தான் மேற்பார்வையாளர் இருக்கவில்லை.