மாதிரியிலிருந்து விலகிய ஒருத்தி

என் ஆராய்ச்சியில் இருந்தது ஒரே ஒரு கேள்விதான். ஆங்கில வகுப்பில் தமிழுக்கு இடம் கொடுத்தால் பிள்ளைகள் நன்றாக ஆங்கிலம் பேசுவார்களா, தமிழை முழுக்க ஒதுக்கிவிட்டால் நன்றாகப் பேசுவார்களா?

இதை நான் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. வரதராஜன்பேட்டையில் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்துவிட்டு, திருச்சியில் ஆங்கில இலக்கியம் சேர்ந்தவள் நான். அப்பா பள்ளிக்கூட வாத்தியார்தான், ஆனால் கணக்கு வாத்தியார். கல்லூரியில் முதல் வருடம் முழுக்க நான் வாயே திறக்கவில்லை. வகுப்பில் என் முறை வருகிறது என்று தெரிந்தால் குனிந்து பையில் பேனா தேடுவேன். அந்தப் பயத்தைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று பிற்பாடு பிடிவாதமாக இருந்தேன்.

பெரம்பலூரிலிருந்து கொஞ்ச தூரம் தள்ளி இருக்கும் ஒரு கலைக் கல்லூரியில் எனக்கு வேலை. பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். முதலாண்டு ஆங்கில இலக்கியத்தில் இரண்டு பிரிவுகள் இருந்தன. ஒன்றில் ஆங்கிலம் மட்டும், மற்றதில் தேவைப்பட்டால் தமிழும். எந்தப் பிரிவுக்கு எது என்பதை நானே முடிவு செய்யக் கூடாது என்றார் என் வழிகாட்டி. ஸ்டாஃப் ரூமில் ஒரு நாணயத்தைச் சுண்டிப் பார்த்தேன். தலை விழுந்தது. ஏ பிரிவுக்குத் தமிழ் கிடையாது என்று ஆயிற்று.

அரும்பாவூரிலிருந்து வந்துகொண்டிருந்த அந்தப் பெண் ஏ பிரிவில் இருந்தாள்.

ஆங்கிலம் மட்டும் என்ற விதி தொடங்குவதற்கு முந்தைய நாட்களில் அந்த வகுப்பே அவள் கையில்தான் இருந்தது. பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை கேட்டதைச் சொன்னால்கூட மற்றப் பிள்ளைகள் டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரிப்பார்கள். அவள் அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் ஏற்றிப் போவார். அம்மா காட்டு வேலைக்குப் போகிறவர். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். ஆராய்ச்சியில் பங்கெடுக்க ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் கையெழுத்து வாங்கினேன். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது.

"மேம், இதுல என்ன போட்டிருக்கு?" என்று எழுந்து கேட்டாள்.

"உனக்குப் பிடிக்கலன்னா எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்னு போட்டிருக்கும்மா."

"அப்ப பரிட்சைக்கும் இப்படி ஒரு பேப்பர் குடுங்க மேம். எல்லாரும் கையெழுத்து போட்டுட்டு விலகிக்கிறோம்."

நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் அந்த வகுப்பில் தமிழில் பேசிக் கேட்டது அதுதான் கடைசி.

விதி கொடுமையானது ஒன்றும் இல்லை. நான் யாரையும் திட்டியதில்லை, அபராதம் போட்டதில்லை, வெளியே நிற்க வைத்ததில்லை. யாராவது தமிழில் கேட்டால் காதில் விழாதது போல இருந்துவிடுவேன். ஆங்கிலத்தில் கேட்டால் முகம் மலர்ந்து பதில் சொல்வேன். அவ்வளவுதான். முதல் மாதம் திருச்சிக்குப் போய் வழிகாட்டியிடம் குறிப்புகளைக் காட்டியபோது அவர் ஒரு திருத்தம் சொன்னார்.

"கிளாஸ்ல மட்டும் வச்சா பத்தாதும்மா. வராண்டாவுல, ஸ்டாஃப் ரூம்ல, எங்க பாத்தாலும் அந்தப் பிள்ளைங்க உங்ககிட்ட இங்கிலீஷ்லதான் பேசணும். இல்லன்னா நாளைக்கு வைவாவுல மாட்டிக்குவீங்க."

எனக்கு அது சரியென்றே பட்டது. செய்வதைச் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்ற ஆசை.

அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரேயடியாக அல்ல, கொஞ்சம் கொஞ்சமாக. முன் வரிசையிலிருந்து நடு வரிசைக்குப் போனாள். பிறகு ஜன்னலோரம் கடைசி பெஞ்சு. நான் கேட்டால் எழுந்து நிற்பாள். "யெஸ் மேம்" என்பாள், "நோ மேம்" என்பாள், உட்கார்ந்துவிடுவாள். என் நோட்டில் அவள் பெயருக்கு நேரே 'மௌன காலம்' என்று எழுதினேன். புது மொழி கற்கிறவர்கள் பேசத் தொடங்குமுன் கொஞ்ச நாள் பேசாமல் இருப்பார்கள் என்று படித்திருந்தேன். நான் படித்தது என் கண் முன்னால் நடக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்கூட இருந்தது. நானும் அப்படி ஒரு வருடம் ஊமையாக உட்கார்ந்திருந்தவள் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவே இல்லை.

பொங்கல் முடிந்து சில வாரங்கள் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் முடிந்து பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்டாஃப் ரூமில் விடைத்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் வந்து நின்றாள்.

"மேம், ஒரு விஷயம் சொல்லணும்."

நான் சிரித்துக்கொண்டே விரலை உயர்த்தினேன். "இங்கிலீஷ், ப்ளீஸ்."

அவள் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டாள். "மேம்... மை ஹவுஸ்... மை ஃபாதர்... ஹி இஸ்..."

நான் காத்திருந்தேன். மாணவர் சொல் தேடும்போது ஆசிரியர் குறுக்கே விழக் கூடாது, பொறுமையாகக் காத்திருக்க வேண்டும் என்பது எங்கள் துறையில் அடிப்படைப் பாடம். அவள் கண்ணில் நீர் கட்டியிருந்ததைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். பேச வராத கூச்சத்தில் கலங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நத்திங் மேம். தேங்க் யூ மேம்."

ஓடிப் போனாள். அன்று மாலையே ஆராய்ச்சி நோட்டில் எழுதினேன்: 'இன்று முதன்முறையாகத் தானாகவே தேடி வந்து ஆங்கிலத்தில் பேச முயன்றாள். நல்ல முன்னேற்றம்.' அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை, அடுத்த வாரமும் இல்லை. மற்றப் பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். ஆங்கிலத்தில் "டோன்ட் நோ மேம்" என்றார்கள். இறுதித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஆராய்ச்சிக்கு எடுத்த பிள்ளைகளில், எங்கள் மொழியில் 'மாதிரி'யில், ஒருத்தி குறைந்தால் கணக்குக்குச் சிக்கல். அரும்பாவூருக்கு நான் பஸ் ஏறியது முதலில் அதற்காகத்தான். இதை எழுதும்போது கை கூசுகிறது.

தெருவில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் லோடு ஆட்டோ நின்றது. அவள் அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"காலேஜ் டீச்சருங்களா? வாங்க, வாங்க. வூட்டுக்குள்ள வந்து உக்காருங்க."

அவர் மனைவி டீ போட உள்ளே போனார். பெண் எங்கே என்று கேட்டேன்.

"போன வியாழக்கிழம கல்யாணம் முடிஞ்சிருச்சுங்க. மாப்பிள்ளைக்கு அரியலூர்ப் பக்கம், சிமென்ட் கம்பெனில காண்ட்ராக்ட்டு வேல. அவங்க தாத்தாவுக்கு முடியல, கண்ணு மூடறதுக்குள்ள பாத்துரணும்னு அவசரப்பட்டாங்க. பதினெட்டு முடிஞ்சிருச்சேன்னு நானும் ஒத்துக்கிட்டேன்."

"படிப்பு?" என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். "அது அழுதுச்சுங்க. இந்த மூணு வருசம் மட்டும் விடுப்பான்னுச்சு. நான் ஒத்துக்கல. கடைசியா, எங்க மேம் வந்து சொன்னா கேப்பியாப்பான்னுச்சு. உங்களப் பத்தி வூட்ல பேசாத நாளில்லைங்க. சரி, கேக்கறேன், கூட்டியான்னேன். மெய்யாத்தான் சொன்னேன். படிச்சவங்க ஒரு வார்த்த சொன்னா, அதையே சாக்கா வச்சு மாப்பிள்ள வூட்டுலயும் தள்ளிப் போடச் சொல்லலாம்னு நெனச்சேன். அன்னைக்குக் காலேஜ் போயிட்டு வந்து ஒண்ணுமே பேசல. மேம் என்ன சொன்னாங்கன்னு நாந்தான் கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"மேமுக்கு நேரமில்லப்பான்னுச்சு."

டீயை அவர் மனைவி என் கையில் கொடுத்தார். குடித்தேனா, வைத்துவிட்டேனா என்று நினைவில்லை. வாசல் வரை வந்து, "நீங்க இம்புட்டுத் தூரம் வருவீங்கன்னு தெரிஞ்சிருந்தா பத்து நாள் பொறுத்திருப்பமே டீச்சர்" என்றார் அந்த அம்மா. குறை சொல்லும் குரலில் அல்ல. வருத்தமாகத்தான் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் சொல்ல வந்ததை நானே ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். அப்பா கல்யாணம் பேசிவிட்டார், நீங்கள் வந்து அவரிடம் பேசுங்கள். எத்தனை எளிய வாக்கியம். தமிழில் அவள் அதை ஒரு மூச்சில் சொல்லியிருப்பாள்.

ஆய்வேட்டில் அவளுக்கு ஒரு வரி கிடைத்தது: 'மாதிரியிலிருந்து ஒரு மாணவி இடையில் விலகினார்.' அவள் ஏன் விலகினாள், அதில் என் பங்கு என்ன என்று இரண்டு பக்கம் எழுதி வழிகாட்டியிடம் கொடுத்தேன். பென்சிலால் மெல்லக் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "மனசு கஷ்டம் புரியுதும்மா. ஆனா இதுக்கு இது எடமில்ல" என்றார். நான் அந்த இரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டேன்.

ஆராய்ச்சியின் முடிவு இதுதான்: இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இருந்த கொஞ்சமும் தமிழ் பேசிய பிரிவின் பக்கம்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் அந்த ஒரு வரியில் விரலை வைத்தார். ஏன் விலகினார் என்று கேட்டார். கல்யாணம் ஆகிவிட்டது என்றேன். "நல்ல காரணம்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நானும் லேசாகச் சிரித்தேன். பிறகு பொன்னாடை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள். அடுத்த ஞாயிறு அம்மா என்னை ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு அழைத்துப் போய் மெழுகுவர்த்தி ஏற்றினார். நான் அழுததைப் பார்த்து, பட்டம் வாங்கிய சந்தோஷம் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார்.

அவள் அப்பாவிடம் முகவரி வாங்கியிருந்தும், போய்ப் பார்க்க எனக்கு இரண்டு வருடம் ஆயிற்று. அரியலூரைத் தாண்டி, சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் ரோட்டை ஒட்டிய ஊர். ரோட்டோர வேப்ப மரங்கள் எல்லாம் வெளுத்துப்போய் நின்றன. இடுப்பில் குழந்தையோடு வாசலுக்கு வந்தவள் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"மேம்! நீங்களா? உள்ள வாங்க மேம்." மாமியாரைப் பார்த்துத் திரும்பி, "அத்தை, எங்க காலேஜ் மேம்" என்றாள். குரலில் அப்படி ஒரு பெருமை.

இளைத்திருந்தாள். குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தாள். நான் பேச வந்ததைத் தொடங்குவதற்குள் அவளே கேட்டாள்.

"அந்த ஆராய்ச்சி முடிஞ்சிருச்சா மேம்? எங்க செக்‌ஷன்தான ஜெயிச்சுது?"

அவள் முகத்தைப் பார்த்தேன். "ஆமா" என்றேன்.

"எனக்குத் தெரியும் மேம்! பி செக்‌ஷன்காரிங்க சும்மா தமிழ்லயே பேசிக்கிட்டுக் கெடந்தாளுங்க. நாமதான் கஷ்டப்பட்டோம்."

மாமியார் உள்ளே போனதும் நான் சொன்னேன். "அன்னைக்கு ஸ்டாஃப் ரூம் வாசல்ல நீ சொல்ல வந்தது என்னன்னு உங்கப்பா சொன்னாரும்மா. நான் கேட்டிருக்கணும். தமிழ்லயே சொல்லுன்னு சொல்லியிருக்கணும். என்னை மன்னிச்சிரு."

அவள் அவசரமாகத் தலையை ஆட்டினாள். "அய்யோ, அதெல்லாம் இல்ல மேம். நான் இங்கிலீஷ்ல எப்படி சொல்றதுன்னு யாருகிட்டயாச்சும் கத்துக்கிட்டு வந்திருக்கணும். என் தப்புதான்."

இல்லை, உன் தப்பு இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் மரியாதைக்காகத் தலையாட்டினாள். நம்பவில்லை. அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

தொலைதூரக் கல்வியில் சேர்வதற்கான விண்ணப்பத்தை எடுத்துப் போயிருந்தேன். கட்டணம், புத்தகம் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் அதை வாங்கி மடியில் வைத்து ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிப் படித்தாள். மாமியார் திரும்பி வந்தார். கெட்ட பெண்மணி இல்லை. "படிக்கட்டும்ங்க, யாரு வேணாங்கறா? புள்ள கொஞ்சம் பெருசாவட்டும்" என்றார். இதற்கு மேல் அவரிடம் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? சரி என்று எழுந்தேன்.

அந்த வருடம் நிரப்பிய விண்ணப்பம் என்னிடம் வரவில்லை. அடுத்த வருடமும் வரவில்லை. காண்ட்ராக்ட் வேலை முடிந்து அவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். என்னிடம் இருந்த எண் உபயோகத்தில் இல்லை. போன ஜூன் மாதம் அட்மிஷன் தொடங்கியபோது அவள் அப்பாவுக்குப் போன் செய்து, இந்த வருடமாவது சேர்த்துவிடலாமா என்று கேட்டேன். லோடு ஏற்றிக்கொண்டிருந்தார் போல, பின்னால் ஒரே சத்தம்.

"அதுக்கு ரெண்டாவது புள்ள பொறந்திருக்குங்க டீச்சர். பொம்பளப் புள்ள. நல்லாருக்குங்க." பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "படிப்பப் பத்தி இனிமே அதுகிட்ட எதும் கேக்க வேணாம்ங்க. கேட்டா ரெண்டு நாளைக்கிச் சோறு திங்காம கெடக்குதாம்."

"சரிங்க" என்று சொல்லி போனை வைத்தேன்.