கயிற்றில் தொங்கிய தளபதி

திண்டுக்கல்லில் நான் நூலகக்காரனாக இருந்த நாட்களில், "ஏதாச்சும் ராசா கதை குடுங்க" என்று கேட்டு வராத ஆள் இல்லை. ஆனால் எல்லாருக்கும் ஒரே ராசாவைக் கொடுத்துவிட முடியாது. ஆத்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவருக்கு ராஜா ஏரி வெட்டியாக வேண்டும். ராணியையே வெட்டினாலும் அவர் கண்டுகொள்ள மாட்டார். செம்பட்டியில் கமிஷன் கடை வைத்திருந்தவருக்குக் கதையைவிடக் கனம் முக்கியம்; மத்தியானம் தலைக்கு வைத்துப் படுக்க வாகாக இருக்க வேண்டும். புதிதாகக் கல்யாணமான பெண்களுக்கு, இளவரசி மாறுவேடத்தில் அரண்மனையை விட்டுத் தப்பி ஓடும் கதை. அதையே அவர்களுடைய மாமியார்களும் கேட்டு வாங்கிப் போனார்கள். எதற்கென்று நான் விசாரிக்கவில்லை.

இப்படி ஆளைப் பார்த்துக் கதை கொடுக்கும் வித்தையில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. ஒரே ஒரு சின்ன விஷயம்: நான் சிபாரிசு செய்த புத்தகங்களில் பாதியை முழுக்கப் படித்ததில்லை. முதல் இரண்டு அத்தியாயம், நடுவில் ஒரு சண்டை, அவ்வளவுதான். மருந்துக்கடைக்காரர் எல்லா மருந்தையும் குடித்துப் பார்த்தா விற்கிறார்?

எங்களிடம் அலமாரியில் தங்கவே தங்காத சரித்திர நாவல் ஒன்று இருந்தது. கடையில் வாங்கியதல்ல. வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வந்ததை ஒரு வீட்டில் வாராவாரம் கிழித்துச் சேர்த்து, மூன்று பாகமாக பைண்டு பண்ணி, ஊர் மாறிப் போகும்போது நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு பக்கம் யுத்தம் நடக்கும்; அதன் முதுகில் ரவா லாடு செய்முறை இருக்கும். திருப்பிக் கொடுக்க வருகிறவர்களிடம் "முடிவு எப்படி?" என்று கேட்பேன். "அடடா, என்னா முடிவுங்க!" என்பார்கள். அந்தத் தெம்பில் இன்னும் நாலு பேருக்குச் சிபாரிசு செய்வேன்.

அதைத்தான் தோல் மண்டி பாய்க்கும் கொடுத்தேன். ஊரில் ஆட்டுத்தோல் வியாபாரத்தில் பெரிய கை அவர். மண்டியில் அவர் குரல் கேட்டால் தோல் தானாக உலர்ந்துவிடும் என்பார்கள். ஆனால் கத்தி என்றால் பயம். அவருக்குக் குடலிறக்கம், அறுத்துத் தைக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். நோன்பு முடியட்டும், மழை முடியட்டும், மச்சான் வீட்டுக் கல்யாணம் முடியட்டும் என்று பாய் தள்ளிக்கொண்டே வந்தார். கடைசியில் வீட்டார் குண்டுக்கட்டாகத் தூக்காத குறையாகக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். படுத்திருக்கும்போது பயம் மறக்கட்டுமே என்று மூன்று பாகங்களையும் நானே கொண்டுபோய்க் கட்டிலருகே வைத்தேன்.

ஆபரேஷன் அன்று காலை, நூலகத்தைத் திறந்ததும் திறக்காததுமாகப் பாயின் தம்பி வந்து நின்றார்.

"என்னாங்க புத்தகம் குடுத்தீங்க? எங்கண்ணன் ஆபரேசனே வேணாங்கிறாரு."

"ஏன்?"

"கடைசியில பக்கத்தக் காணோமாம். அந்தத் தளபதி கோட்டைச் சுவத்துல கயித்தப் பிடிச்சுத் தொங்குறானாம். மேல ஒருத்தன் கயித்த அறுக்கக் கத்திய ஓங்கிட்டானாம். அவன் பொழைச்சானா இல்லையான்னு தெரியாம நான் கத்திக்கு வயித்தக் காட்ட மாட்டேன்கிறாரு." மேசையில் இரண்டு கையையும் ஊன்றினார். "இதுக்கு மேல தள்ளிப்போட்டா தாங்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாருங்க. நீங்க குடுத்த கதை, நீங்களே வந்து முடிச்சு வைங்க."

"செத்த நேரம் பொறுங்க, முடிவோட வாரேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு காலில் என் செருப்பும் மறு காலில் யாரோ ஒரு வாசகர் முந்தின நாள் விட்டுப்போன செருப்புமாக நாகல் நகரைப் பார்த்து ஓடினேன்.

அங்கே ஒரு டீச்சர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறவர். அந்த நாவலின் முடிவைப் பற்றி ஊரிலேயே அதிகம் புகழ்ந்தவர்.

"டீச்சர், அந்தத் தளபதி கடைசியில என்ன ஆனான்?"

அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. "அவனா? அகழியில விழுந்துட்டான்ல. மீன் பிடிக்கிற பொண்ணு ஒருத்தி வந்து காப்பாத்திட்டா" என்றார் மளமளவென்று.

அப்பாடா என்று ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், ஏரிப் பிரியரான ஆத்தூர் விவசாயி சந்தைக்கு வந்து நின்றுகொண்டிருந்தார். சும்மா போயிருக்கலாம். பயந்தவன் எதையும் ஒரு தடவையோடு நம்ப மாட்டானே, அவரிடமும் கேட்டேன்.

"கீழ நின்ன குதிரை மேல நேரா விழுந்து ஒரே ஓட்டம்ல!" என்றார்.

"அகழியில இல்லையா?"

"எந்த அகழி? கோட்டையச் சுத்தி அம்புட்டும் வயக்காடு."

"அண்ணே, ஒரு உசிரு சம்பந்தப்பட்ட விசயம். நெசத்தச் சொல்லுங்க."

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "அப்பு, நான் கிழிக்கல. பிள்ளைக மேல சத்தியம். வாங்கும்போதே கடைசியில பக்கம் இல்ல. சொன்னா நான்தான் கிழிச்சேன்னு அபராதம் போட்டுருவீங்கன்னு..."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இருந்ததே ஒரு பிரதி. கடைசிப் பக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரும், பழி தன்மேல் விழுமோ என்று பயந்து, சொந்தமாக ஒரு முடிவைக் கட்டிக்கொண்டு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஊர் முழுக்கத் தளபதி தப்பித்துவிட்டான். புத்தகத்தில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் பாய் போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். தம்பி என் முகத்தையே பார்த்தார்.

"பொழைச்சுட்டான் பாய்!" என்றேன்.

"எப்படி?"

"அகழியில... ஒரு குதிரை மேல விழுந்து..."

"அகழிக்குள்ள குதிரைக்கு என்ன சோலி?"

"தண்ணி குடிக்க வந்துச்சு."

"மேல கத்தியோட நின்னவன்?"

"அவன்... மீன் வாங்கப் போயிட்டான்."

பாய் என்னை உற்றுப் பார்த்தார். தோலைத் தடவிப் பார்த்தே ஆட்டின் வயதைச் சொல்கிறவர் அவர். என் முகத்தில் தடவிப் பார்க்க என்ன இருக்கிறது? மீன்காரப் பெண், வயக்காடு, அபராதம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அப்ப யாருக்குமே முடிவு தெரியாதா?"

"தெரியாது பாய்."

"படிச்ச அம்புட்டுப் பேருமா புளுகுனாங்க?"

"அம்புட்டுப் பேரும். டீச்சர் உள்பட."

பாய்க்கு முதலில் தோள் குலுங்கியது. பிறகு கட்டில் குலுங்கியது. "யா அல்லா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார், வலி விட்டதும் "மீன் வாங்கப் போனானாம்ல!" என்று மறுபடி ஆரம்பித்து, மறுபடி சுருண்டார்.

"சிரிக்காதீங்கண்ணே" என்று தம்பி கெஞ்சினார்.

பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஏலே, தள்ளுவண்டியக் கொண்டாரச் சொல்லு. நிம்மதியாச் சிரிக்கக்கூட விடாத இந்த வயித்த வச்சுக்கிட்டு நான் என்னத்தப் பண்ண?"

உள்ளே கொண்டுபோனார்கள். நானும் தம்பியும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். அறுப்பது அவரை, நர்ஸ் தண்ணீர் தெளித்தது என் முகத்தில். உள்ளே இரும்புத் தட்டில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டதற்கு நான் சாய்ந்துவிட்டேனாம். தம்பிதான் பிடித்தாராம்.

ஒரு வழியாகக் கதவு திறந்தது. டாக்டர் தம்பியின் தோளில் தட்டிவிட்டுப் போனார். வண்டியில் பாய் வெளிறிப்போய், ஆனால் சீராக மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்தார். வார்டில் கொண்டுபோய்க் கிடத்தி வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார். தம்பி "அண்ணே" என்று குனிந்தார். பாய் அவரைத் தாண்டி என்னைத் தேடினார்.

"லைப்ரரிக்காரரே... முடிவு தெரிஞ்சுபோச்சு."

"சொல்லுங்க பாய்" என்று காதைக் கொடுத்தேன்.

"மேல கத்தியோட நின்னானே, அவன் மூஞ்சியப் பாத்துட்டேன். நீங்கதான்."

மயக்கம் இன்னும் தெளியவில்லை, ஏதோ உளறுகிறார் என்றார் நர்ஸ். தம்பி என்னைப் பார்த்த பார்வையில் அப்படித் தெரியவில்லை.