ருசி பார்க்க வந்த தாய்

மைசூரு விஜயநகரில் நிற்கும் மாடி வீடுகளில் என் கையால் எழுந்தவை எத்தனை என்று எண்ணிச் சொல்ல எனக்கே பொறுமை கிடையாது. தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூரிலிருந்து மாற்றுத்துணியோடு பஸ் ஏறி வந்து, மண் சுமந்து, மேஸ்திரியாகி, இன்று காண்ட்ராக்டராக இருக்கிறேன். பள்ளிக்கூடத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனாலும் இன்ஜினியர்கள் என்னைக் கேட்டுவிட்டுத்தான் கம்பி கட்டச் சொல்வார்கள். எதற்கும் லேசில் வாய் பிளக்கிற ஆள் நான் இல்லை. அப்படிப்பட்ட என்னை ஒரு அரசுப் பள்ளியின் மதியச் சாப்பாடு வாய் பிளக்க வைத்தது.

போன வருஷம் எங்கள் ஊர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று என்னிடம் கட்டட வேலைக்கு வந்தது. அவர்களுடைய மகளைப் பக்கத்துக் கன்னடப் பள்ளியில் நானே கொண்டுபோய்ச் சேர்த்தேன். கொஞ்ச நாளிலேயே பெண் வாடிப்போனாள். மத்தியானம் எல்லாரும் தட்டோடு உட்காரும்போது இவள் மட்டும் குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒதுங்கிவிடுவாளாம். தாய் போட்ட உத்தரவு அது. துண்டு நிலமே இருந்தாலும், இன்னொருவர் சும்மா கொடுத்து உண்பதைக் கௌரவக் குறைவாக நினைக்கிற ஊர் எங்களுடையது. கடைசியில் ஒருநாள் வகுப்பிலேயே மயங்கி விழுந்தாள்.

“ஏம்மா, சூடாச் சோறு போடுறாங்க. தின்னா என்ன?” என்றேன் தாயிடம்.

“ஓசிச் சோறு திங்கற அளவுக்கு நாங்க கெட்டுப் போயிரலீங் மேஸ்திரி. வெள்ளிக்கெழம இவள ஊருக்கு பஸ் ஏத்தி உட்டுர்றேன். மாமன் ஊட்டுல ஆடு மேய்க்கட்டும்.”

“படிப்ப நிறுத்துறியா? புத்தி இருக்குதா உனக்கு?”

“நீங்க படிச்சுட்டா மாடி ஊடு கட்டுனீங்?”

என் பெருமையை எடுத்து என்னையே அடித்துவிட்டாள்!

அதற்குள் பள்ளியிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. கண்டிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று பயந்து, கன்னடம் பேச என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். விஷயம் வேறு. அந்தப் பள்ளியில் தினமும் ஒரு பிள்ளையின் தாய் வந்து சாப்பாட்டை முதலில் ருசி பார்க்க வேண்டும். அன்று இவளுடைய முறை.

டீச்சருக்குக் கொஞ்சம் தமிழ் வரும்; ‘வாங்க’ என்பதை மட்டும் கன்னடத்தில் ‘பன்னி’ என்றே சொன்னார். “பன்னிம்மா, பன்னி. நீங்க தின்னு பாத்து சரின்னு சொன்னாத்தான் பிள்ளைங்களுக்கு ஊட்டா போடுவோம்.”

“நானுங்களா? நான் என்னத்தச் சொல்றது?”

“நீங்க அம்மா அல்லவா? வேற யாரு சொல்றது?”

நான் திரும்பிப் பார்த்தேன். நீள வராந்தா முழுக்கப் பிள்ளைகள். ஆட்டோக்காரர் மகன், பூ விற்பவள் மகள், எங்கள் தெருவில் வீட்டு வேலை செய்கிறவளின் பேரன், எல்லாரும் ஒரே வரிசையில் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தார்கள். அண்டாக்களிலிருந்து சாம்பார் ஆவி மேலே போய்க்கொண்டிருந்தது. அத்தனை பசியும் ஒரு பெண்ணின் வாயைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் காத்திருந்தது. பெரிய கல்யாணப் பந்திகள் பார்த்தவன் நான். இப்படி ஒரு மரியாதையை எந்தப் பந்தியிலும் பார்த்ததில்லை.

அவள் ஒரு வாய் எடுத்தாள். பருப்பும் காயும் குழைந்த சாம்பார் சோறு. மெதுவாக மென்றாள். இன்னொரு வாய் எடுத்தாள். பிறகு பிள்ளைகளைப் பார்த்தவள், சமையல்காரம்மா மேல் பாய்ந்தாள்.

“பச்ச மண்ணுக வவுத்தப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்குதுக, இன்னும் எதுக்குப் பாத்துக்கிட்டு நிக்கறீங்? போடுங்!”

சொன்னதோடு விடவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கரண்டியை வாங்கித் தானே வரிசையில் இறங்கினாள். கொடுக்கிற இடத்தில் நின்ற பிறகு அவளுடைய கூச்சம் போன இடம் தெரியவில்லை. டீச்சர் அன்று வரிசையில் உட்கார வைத்திருந்த மகளுக்கு முன்னால் வந்தபோது, பெண் தட்டை மடியில் மறைத்துக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“என்ன பாக்கற? அம்மா தின்னு பாத்துட்டேன். நல்லாருக்குது, உண்ணு கண்ணு.”

பெண் குனிந்த தலை நிமிராமல் உண்டாள். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினாள்.

கிளம்பும்போது தாய் டீச்சரிடம், “மறுக்கா எப்பங்க என் மொற?” என்றாள்.

“எல்லா அம்மாங்களும் வரணும். நெறைய நாள் ஆகும்மா.”

“ஆவட்டுமுங். நாங்க எங்க போகப் போறம்?”

வெள்ளிக்கிழமை ஹனூர் பஸ்ஸில் அந்தப் பெண் ஏறவில்லை.