தள்ள வந்த கைகள்

கல்முனையில் காரை உருட்டிக் கிளப்பச் சரிவான தெருவே கிடையாது. என் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ஸ்டார்ட்டர் மோட்டார் செத்த பிறகு, வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்து வருகிறவர்கள்தான் அதைத் தள்ளிக் கிளப்பினார்கள். எங்கள் தெருக் கடைக்காரர் தள்ளுவதோடு, அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிட்டுப் புத்தியும் சொல்வார்.

"இத வித்துப்போட்டு ஒரு ஓட்டோவ எடுங்க காக்கா."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு வியாழன், காருக்கடியில் மல்லாந்து கிடந்து, விரல் தோல் உரிய, புது மோட்டாரை நானே பூட்டினேன்.

மறுநாள் பள்ளிவாசலுக்கு முன்னால் வழக்கம்போல் ஆறேழு பேர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு காரின் பின்னால் கைவைத்தார்கள். புது மோட்டார் விஷயத்தை மறைத்துவிட்டு உள்ளே ஏறி உட்கார்ந்தேன். மனதுக்குள் பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருகினேன். உறுமிக்கொண்டு பாய்ந்தது. கண்ணாடியில் பார்த்தால், நீட்டிய கைகளோடு அப்படியே நிற்கிறார்கள்.

ஒரு சுற்றுச் சுற்றிவந்து கடைக்காரருக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். தேவையே இல்லாமல் எஞ்சினை அணைத்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் சாவியைத் திருகினேன்.